மொட்டை மாடியில் மூன்று பாத்தி

முந்தின வாரம் வியாழக்கிழமை என் வீட்டு மொட்டை மாடியில் வரப்பு கட்டினார்கள்.

ஆமாம், வரப்புதான். ஏரிக் களிமண்ணைக் குழைத்து, ஒரு சாண் உயரத்துக்கு, நாற்றங்காலுக்குக் கட்டுவதுபோலப் பாத்தி. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கியே கேட்டுவிட்டார். "இன்னா சார், மேல நெல்லு போடப் போறியா?"

நான் சிரித்து வைத்தேன்.

எனக்குப் பேச வராது. இந்தப் பக்கத்தில் வாராவாரம் இவ்வளவு எழுதுகிறவனா என்று நீங்கள் கேட்கலாம். பேச வராததால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் முன்னால் இருபத்திரண்டு வருஷம். மிஷின் போடும் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. சௌகரியமான வேலை.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு வார்த்தை பேசினேன். அதனால் வந்ததுதான் அந்தப் பாத்தி.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டைக் கட்டியது ஏகாம்பரம் மேஸ்திரி. அவரும் அவர் மனைவி கன்னியம்மாவும் ஒரு காலத்தில் இதே பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். வயலெல்லாம் பிளாட் ஆனதும் அவர் கரண்டியைப் பிடித்தார், அந்த அம்மா ஜல்லிக் கூடையைத் தூக்கியது. எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் தளம், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் தட்டோடு என்கிற சதுர ஓடு. எல்லாம் அவர்கள் கையால் ஆனது.

முதலில் சில மழைக்காலங்கள் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் ஹாலில் ஒரு இடத்தில் சொட்டியது. பிறகு இரண்டு. போன வருஷம் மூன்று. ஒன்றுக்கு அண்டா, ஒன்றுக்கு பக்கெட், ஒன்றுக்குச் சோறு வடிக்கும் குண்டான். மழை வந்தால் என் மனைவி மரகதம் சமையலை நிறுத்திவிட்டுப் பாத்திரம் வைக்க ஓடுவாள். சிமெண்ட் பால் ஊற்றினேன். தார் காய்ச்சிப் பூசினேன். பிளாஸ்டிக் ஷீட் விரித்துச் செங்கல் வைத்தேன். அது காற்றில் பறந்து அடுத்த வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கலாமே? கூப்பிட்டால் "உங்கள் வேலை சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே... அதற்கு ஒழுகுவதே மேல் என்று இருந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் பஸ் ஸ்டாப்பில் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். ஆவடி தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று எங்கள் எதிர்வரிசையில் சுவர் எழுப்பி முடித்திருந்தார். தளம்தான் பாக்கி.

"உங்க வீட்டுத் தளம் ஏகாம்பரம் போட்டதாமே, எப்படி இருக்கு?"

"ஒழுகுது" என்றேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் காலையில் கதவைத் தட்டினார்கள். நான் இரண்டாம் ஷிப்ட், வீட்டில்தான் இருந்தேன். வாசலில் ஏகாம்பரம், பின்னால் கன்னியம்மா.

"சார், நான் உனுக்கு இன்னா பாவம் பண்ணேன்?"

கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"அண்ணாச்சி வாணாம்னுட்டாரு. பூந்தமல்லி ஆளுக்கு ஞாயித்துக்கெழமை அட்வான்ஸ் குடுக்கப் போறாராம். அத்தக் கேட்டுட்டு மாவு மில்லுக்காரரு, மில்லுக்குத் தளமே வாணாம், ஷீட்டு போட்டுக்கறேன்னுட்டாரு. ரெண்டு பேரும் உன் பேரத்தான் சொல்றாங்கோ. இந்த மழைக்கு முன்னால ரெண்டு வேலைதான் சார் கைல இருந்துது. ரெண்டும் பூட்ச்சி."

மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, எங்கிட்டயே நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டீங்க. ஊர்ல போய் இதைச் சொன்னீங்களா?"

"ஒரு வார்த்தைதான்..." என்றேன்.

கன்னியம்மா விடவில்லை. "அதான் சார் வெனை. வாயாடி சொல்லியிருந்தா பாதிப் பேரு நம்பியிருக்க மாட்டான். பேசாத ஆளு வாயத் தொறந்தா சாமியே சொன்ன மாதிரி ஆயிடுது. நாங்க இப்ப தெருத் தெருவா கத்துனாலும் நாயி கூட நம்பாது."

நினைத்துப் பாருங்கள், எவ்வளவு நிஜம்! அதிகம் பேசுகிறவன் வார்த்தையில் ஜனங்கள் தள்ளுபடி போட்டுக்கொள்கிறார்கள். பேசாதவன் வார்த்தையை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பவன் நல்லவன் என்று நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்...

ஏகாம்பரம் கேட்டது ஒன்றுதான். மூன்று நாள். கூலி வேண்டாம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தன் தப்பு என்றால் தானே சரிசெய்து கொடுத்துவிட்டு இந்தத் தெருவில் வேலையே கேட்பதில்லை.

"தளம் ஒழுவுதுன்னா மூணு எடம் பாக்கணும் சார். செவுரோரம், தண்ணி போற வாயி, நடு. மூணுலயும் ஒண்ணா தண்ணி நின்னா எது ஒழுவுதுன்னு தெரியாது. தனித்தனியா நிறுத்தணும்."

அதற்குத்தான் பாத்தி. நடவு நட்ட கை அல்லவா, வரப்பு நூல் பிடித்ததுபோல் வந்தது. மூன்று பாத்தி, ஒரு நாளைக்கு ஒன்றில்தான் தண்ணீர்.

வியாழக்கிழமை சுவரோரப் பாத்தி. கன்னியம்மா கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது. நான் கீழே ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் வரை ஒன்றுமில்லை. ஷிப்ட்டுக்குப் போய் வந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வெளியே போகும் வாய்ப்பக்கம். குழாய் வாயில் துணி அடைத்து நிறுத்தினார். அதுவும் சொட்டவில்லை.

"இது ரெண்டும்தான் சார் மேஸ்திரி தப்பு பண்ற எடம்" என்றார் ஏகாம்பரம். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நடுவுல ஒழுவ நியாயமே இல்ல. வாட்டம் அப்படி. தண்ணி அங்க நிக்காது, ஓடிப்பூடும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடுப்பாத்தியில் தண்ணீர் விட்டார்கள். பத்து மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் முழங்கால்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொட்டு விழுந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னது பொய்யில்லை! தளம் ஒழுகத்தான் செய்கிறது!

மாடிக்கு ஓடினேன். கன்னியம்மா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு குடத்தைக் கீழே வைத்துவிட்டது. ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிக் குந்தினார். அசையாமல் தண்ணீரையே பார்த்தார்.

"சார், இங்க வா."

ஒரு இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும். அதற்கு அப்பால் மூன்றாவது. போன வருஷம் நான் பூசிய தார் அந்த மூன்று இடத்திலும் வெடித்திருந்தது. கரண்டி நுனியால் தாரைச் சுரண்டினார். உள்ளே துருப்பிடித்த இரும்பு. இன்னும் சுரண்டினார். தட்டோட்டைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்த ஒரு கொக்கி.

"இது நம்ம வேலை இல்லியே" என்றார் ஏகாம்பரம். "மூணு பக்கமும் கொக்கி. நடுவுல இன்னாத்த சார் நட்ட?"

எனக்கு ஞாபகம் வந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது.

ஆண்டெனா.

டி.வி. வாங்கிய புதிதில் எங்கள் பக்கம் படம் சரியாக விழாது. வெள்ளிக்கிழமை பாட்டு வரும் நேரத்தில் பாடுகிறவருக்கு மூன்று தலை தெரியும். அதனால் இருபதடிக் குழாயில் ஆண்டெனாவைத் தூக்கி நிறுத்தினேன். காற்றில் ஆடாமல் இருக்க மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். கம்பியைக் கட்டக் கொக்கி வேண்டும். கொக்கியை நானே லேத்தில் செய்தேன். நானே ஆறு பவுண்டு சுத்தியால் அடித்து இறக்கினேன். நல்ல உறுதியான கொக்கிகள்!

அந்த வருஷ மழைக்கு ஒழுகவில்லை. துரு ஏற ஏறத்தான் வழி விட்டிருக்கிறது. அப்புறம் கேபிள் வந்தது. குழாயைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். கொக்கி காலில் தடுக்காமல் இருக்க அடித்து மடக்கினேன். அதன்மேல் தாரும் பூசினேன். திருட்டைச் செய்துவிட்டுத் தடயத்தை மறைத்ததுபோல அத்தனையும் நானே செய்திருக்கிறேன். ஆனால் சத்தியமாக, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. பழி போட ஒரு மேஸ்திரி இருக்கும்போது நமக்கு ஏன் தோன்றப்போகிறது?

ஏகாம்பரம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வரப்பின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"சார், நாளிக்குக் காலைல ஒம்போது மணிக்கு அட்வான்ஸ். அண்ணாச்சியாண்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

இன்னொருவர் இடத்துக்குப் போய், நானாகப் பேச்சை ஆரம்பித்து, என் தப்பை... "ஒரு லெட்டர் எழுதித் தர்றேனே" என்றேன். "விவரமா எழுதிடறேன்."

"லெட்டரா?" என்றது கன்னியம்மா. "ஒழுவுதுன்னு சொன்னியே, அத இன்னா லெட்டர்லயா சொன்ன?"

மரகதம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணாச்சிக்கு அரை நாள். ஒரு மணிக்கு அவர் தன் மனையில் வெறும் சுவர்களுக்கு நடுவே நின்று, சுவர் இறுகக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஏகாம்பரமும் கன்னியம்மாவும்.

"வாங்க, வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

"தளம்... ஒழுகல" என்றேன்.

"எது?"

"ஒழுகுது. ஆனா ஒழுகல. ஓட்டை... நான்தான்."

"என்ன சொல்லுதீங்க? சத்தமே கேக்கலியே. யாரு ஓட்டை போட்டா?"

"நான்தாங்க போட்டேன்!"

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். தெருவில் போன தயிர்க்காரர் நின்றுவிட்டார். நின்றால் நிற்கட்டும் என்று முழுவதையும் சொன்னேன். ஆண்டெனா, கொக்கி, சுத்தி, தார், எல்லாம். என் ஜென்மத்தில் நான் நின்ற இடத்தில் நின்று சேர்ந்தாற்போலப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அண்ணாச்சி குழாயை மூடினார். "வாங்க, பாத்துருவோம்" என்றார்.

மாடிக்கு வந்தார். பாத்தியில் கால் வைத்துக் குமிழியைப் பார்த்தார். கொக்கியை விரலால் ஆட்டினார். வழியில் ஹாலில் மற்ற இரண்டு பாத்திகளுக்குக் கீழேயும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஆறு பவுண்டு சுத்தியால அடிச்சும் தளம் விரிசல் விடல" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "ஏகாம்பரம், பூந்தமல்லிக்காரங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். திங்கக்கிழமை தளத்துக்குப் பலகை அடிக்க வந்துருவியா?"

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். பேச வரவில்லை. அவருக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கன்னியம்மா மட்டும் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்தத் தண்ணிய எவன் சொமந்து ஊத்துனான்னு யாரும் கேக்கல" என்று சொல்லியபடியே கீழே இறங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமையே மூன்று கொக்கிகளையும் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் சதுரமாக வெட்டி, கான்கிரீட்டில் இருந்த துளையைச் சிமெண்டால் அடைத்து, மறுபடி ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு. கூலி வாங்க மாட்டேன் என்றார். மரகதம் கையைப் பிடித்துத் திணித்தாள். இறுகியபிறகு மறுபடியும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்க. முழங்கால் காய்ந்தே இருந்தது.

நேற்று முன்தினம் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, பாருங்கள்... அம்பத்தூர் ஏரியே எழுந்து வந்ததுபோல! மரகதம் பழக்க தோஷத்தில் அண்டாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். நடுவில் நின்றாள். மேலே பார்த்தாள். அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, டீ போடட்டுமா?" என்றாள். ஒழுக ஆரம்பித்ததிலிருந்து மழை பெய்யும்போது இருவரும் உட்கார்ந்து டீ குடித்தது அன்றைக்குத்தான். நெஞ்சில் இருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கி, தாழ்வாரக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேலை இன்னும் முடியவில்லை. நேற்று மாவு மில்லுக்குப் போனேன். பெல்ட் ஓடும் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மில்லுக்காரர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தன் மைத்துனரிடம் சொல்லிவைத்திருந்தாராம், அவரிடமும் போனேன். மைத்துனர் திருவேற்காட்டில் ஒரு பங்காளியிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டும்.

'ஒழுகுது' என்று நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். 'ஒழுகவில்லை' என்று இதுவரை பதினோரு பேரிடம் சொல்லியாகிவிட்டது — உங்களைச் சேர்க்காமல்!