நான்கு கண்ணாடி ஓடுகள்

பக்கத்து வீட்டுப் பழனிச்சாமியை இன்று காலை காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வரிசையில் எல்லாமே பழைய ஓட்டு வீடுகள். சன்னல் கிடையாது, கரண்டும் இன்னும் வரவில்லை. அவர் மனைவி சரசுவுக்கு இது நிறைமாதம். பிள்ளை வெளிச்சத்தில் பிறக்கட்டும் என்று போன வாரம் கூரையில் நான்கு கண்ணாடி ஓடுகள் மாட்டினார். சுண்ணாம்பும் அடித்தார். செலவு அதிகமில்லை, வீடே புதிதாகிவிட்டது.

வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்க. என்ற மச்சான் பனியன் செக்கிங் போட எடந் தேடறானுங்க. துணியில பொத்தல் தெரியோணும்னா இந்த மாதிரி வெளிச்சம் வேணுமுங்க. மாசக் கடைசியில ஊட்டைக் குடுத்துருங்க."

"பிரசவம் முடியட்டுமுங்க."

"அவனுக்கு ஆர்டர் வந்துருச்சுங்களே."

பழனிச்சாமி ஏணியைத் தூக்கினார். "கண்ணாடிய இப்பவே கழட்டிடறனுங்க. பழைய ஓடே போட்டுடறேன்."

"ஏனுங்க சிரமப்படறீங்க? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

உள்ளேயிருந்து சரசு கேட்டாள்: "எம் பிள்ளை எங்கீங்க பொறக்கறது?"

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் வரை பழனிச்சாமியோடு நானும் வீடு தேடி அலைந்தேன். நிறைமாதம் என்றதும் எல்லோரும் மிக மரியாதையாகக் கையை விரிக்கிறார்கள்.

பனியன் வேலைக்கு எந்த வகையிலும் ஆகாத, நல்ல இருட்டான வீடு யாருக்காவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இந்த முறை கூரையில் கைவைக்க மாட்டார்.