அண்ணியின் படகும் அண்ணனின் வலது கையும்

எங்கள் அண்ணி நிலாவைக் கேட்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சரக்குப் படகு ஓட்டுகிறார். கடல்நீர் ஊருக்குள் நுழைந்து திரும்பும் கழிதான் அவருடைய சாலை. அங்கே தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை நிலாதான் முடிவு செய்கிறது. இன்று காலை ஒன்பது மணிக்கு ஏறிய தண்ணீர் நாளை பத்தை நெருங்கித்தான் ஏறும். மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். அதனால் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஒரு வாரம் பதினொன்றரைக்கு, இன்னொரு வாரம் மூன்று மணிக்கு. பசியைப் பற்றி யாரும் நிலாவிடம் முறையிட முடியாது.

"ஊர்ல எல்லாருக்கும் வீட்டம்மா பேச்சுதான் சட்டம். எனக்கு மட்டும் வீட்டம்மாவுக்கும் மேல ஒருத்தன் இருக்கான்" என்று அண்ணன் கூரையைக் காட்டுவார். அண்ணி காதில் வாங்காத மாதிரி துணி மடிப்பார்.

அண்ணனும் நானும் சலூன்காரர்கள். கழியோரச் சாலையில் கடை. முதல் நாற்காலி அவருடையது, இரண்டாவது என்னுடையது. பௌர்ணமியும் அமாவாசையும் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். மழை ஒரு பொட்டு இருக்காது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் சாக்கடை வழியாக உப்புத் தண்ணீர் பொங்கிக் கடைக்குள் வந்துவிடும். முகச்சவரம் செய்துகொள்ள வந்தவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே அவர் செருப்பு மிதக்கும்.

இது ஏன் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது அண்ணி வாசலில் நின்றபடியே பாடம் நடத்தினார்.

"பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல நின்னு தண்ணிய இழுக்குதுங்க. அதான் நல்லா ஏறுது, நல்லா வத்துது. பாதி நிலா அன்னிக்கு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், மாமியாரும் மருமகளும் மாதிரி. தண்ணி யார் பேச்சையும் கேக்காம நடுவுலயே நின்னுக்கும்."

அதனால் செங்கல், சிமெண்ட் எல்லாம் அவர் எந்த நாளிலும் ஏற்றுவார். கண்ணாடிச் சாமானும் வயதானவர்களும் மட்டும் பாதி நிலா நாளில்தான். அன்றைக்குத்தான் கழி சாதுவாக இருக்கும் என்பார்.

படகு அவருடைய அப்பாவுடையது. ஆண் பிள்ளை இல்லாத வீடு. கல்யாணப் பேச்சின்போது அண்ணி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: படகை விற்கச் சொல்லக் கூடாது. அண்ணன் தலையாட்டினார். தனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. இன்றுவரை படகில் கால் வைத்தால் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார், பேச்சு மட்டும் கப்பல் கேப்டன் கணக்காக இருக்கும்.

போன வருஷம் அவர்கள் மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் இருபத்து நான்கு வயதுப் பெண், அக்கரையில் ஜூஸ் கடை போட்டாள். அதற்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கண்ணாடிக் கதவு இரண்டு, உயரம் என்னைவிட அதிகம். படுக்கவைத்தால் பழுதாகிவிடும், நின்றபடியேதான் போக வேண்டும் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வழியில் ஒரு பழைய இரும்புப் பாலம், தாழ்வானது. அண்ணி அசரவில்லை. பாதி நிலா நாளைக் குறித்துக்கொண்டார். முந்தின நாள் சிமெண்ட் மூட்டைகளோடு போகும்போது, தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, படகுப் பலகையிலிருந்து பாலத்தின் இரும்புவரை அளந்தார். ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

அளவு சரிதான். பாசம்தான் கெடுத்தது. பெண்ணின் சாமான் சிமெண்ட் தூசிக்கு நடுவே போகக் கூடாது என்று அன்றைக்கு வேறு சரக்கே ஏற்றவில்லை. படகைக் கழுவித் துடைத்து, ஃப்ரிட்ஜுக்கு வீட்டு மெத்தை இரண்டைச் சுற்றிக் கட்டி, மகாராணியை அனுப்புவது போலத் தனியாக ஏற்றினார். தண்ணீரை அளந்தவர் படகை மறந்துவிட்டார். முந்தின நாள் மூட்டைப் பாரத்தில் அமுங்கிக் கிடந்த படகு, காலியாக இருந்ததால் ஏறக்குறைய அந்த ஒரு சாணுக்கு உயர்ந்து மிதந்தது. எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு ஃப்ரிட்ஜ் கடைக்காரர் தாமதம் செய்ததில் வற்றும் நேரம் முடிந்து தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

அண்ணி பின்னால் இன்ஜின் பக்கம். முன்னால் அண்ணன் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் நான். பாலத்தடியில் நுழையும்போது இரும்பு மெத்தையை உரசியது. மெத்தை நழுவப் பார்க்கவே, ஃப்ரிட்ஜில் கீறல் விழுந்துவிடும் என்று அண்ணன் சட்டென்று வலது கையை மேலே வைத்து அழுத்தினார். படகு இன்னும் ஓர் அடி நகர்ந்தது. இரும்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது.

அவர் போட்ட சத்தம் பாலத்துக்கு மேலேயும் கேட்டிருக்கும். அண்ணி படகைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். அண்ணன் முன்னைவிடப் பலமாக அலறினார். உடனே அண்ணி இன்ஜினை நிறுத்திவிட்டு, பாலத்தூணில் இருந்த வளையத்தில் கயிற்றைப் போட்டுப் படகை அசையாமல் கட்டினார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தண்ணீர் ஏறினால் படகு ஏறும், படகு ஏறினால் கை நசுங்கும். கத்தி பிடிக்கிற கை, கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

"அண்ணி, ஃப்ரிட்ஜை உடைச்சிடலாம்!" என்றேன்.

"அதைத் தொட்டே, இன்னொரு கையால அறைவேன்டா!" என்றார் அண்ணன், அந்த நிலையிலும்.

"உடைக்கறதுக்குள்ள தண்ணி ஏறிடும் தம்பி. படகுதான் கீழ எறங்கணும்" என்ற அண்ணி, நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார். மேலே கூட்டம் கூடிவிட்டது. "மேல நின்னு என்ன வேடிக்கை? தூணோரப் படியில எறங்கி வந்து படகுல ஏறுங்க! பாரம் வேணும்! குண்டா இருக்கறவங்க முதல்ல வாங்க!"

ஒருவரும் அசையவில்லை. குண்டு என்று யார்தான் முன்வந்து ஒப்புக்கொள்வார்கள்? ஒட்டடைக்குச்சியாகப் பிறந்ததற்காக நான் வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

"நான் வரேன்மா" என்று ஒரு குரல் கேட்டது. மளிகைக்கடை முதலாளி. அவருக்கும் அண்ணனுக்கும் ஆறேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கரண்ட் போன நேரத்தில் அவர் மீசையில் ஒரு பக்கத்தை அண்ணன் வழித்துவிட்டதில் வந்த பகை. அதற்கப்புறம் முடிவெட்ட அடுத்த ஊருக்கு பஸ் ஏறிப் போகிறவர். அவர் மெல்லப் படியிறங்கி வந்து, "என் எடை ஊருக்கே தெரியும், மறைச்சு என்ன ஆகப்போவுது" என்று சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜை ஒட்டி உட்கார்ந்தார். படகு அமுங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், காய்கறி விற்கிற அம்மாள்கள் கூடையோடு, ஒரு வாத்தியார் சைக்கிளோடு. "சைக்கிள் எதுக்கு சார்?" என்றேன். "இதுவும் பாரம்தானே" என்றார். அண்ணி ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து உட்காரவைத்தார். ஆள் ஏற ஏறப் படகு இறங்கியது, தண்ணீரும் விடாமல் ஏறியது.

"விரல் இருக்கறதே தெரியல" என்றார் அண்ணன். குரல் இறங்கிப்போயிருந்தது. கத்திக்கொண்டிருந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பாதி நிலாங்க. மெதுவாத்தான் ஏறும்" என்றார் அண்ணி. "பௌர்ணமியா இருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

பதினைந்து பேருக்கு மேல் ஏறியிருப்பார்கள். கடைசியாக ஒரு தபால்காரர் பையோடு குதித்தார். இரும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அண்ணன் கையை உருவிக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்தார். மளிகைக்கடை முதலாளி அவரை மடியில் தாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

இறங்கப் போனவர்களை அண்ணி அதட்டி உட்காரவைத்தார். "யாரும் எழுந்திரிக்காதீங்க! இன்னும் பாலத்துக்கு அடியிலதான் இருக்கோம். ஒருத்தர் எறங்கினாலும் படகு எழும்பிடும். எல்லாரும் அக்கரைக்குத்தான் வரணும்."

வேறு வழி? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஃப்ரிட்ஜ் மயிரிழையில் பாலத்தைத் தாண்டியது. வெளியே வந்ததும் ஒரு காய்கறி அம்மாள், "கல்யாண கோஷ்டி மாதிரி போறோம், மாப்பிள்ளை மட்டும் மடியில படுத்திருக்காரு" என்றதும் படகே சிரித்தது. மளிகைக்கடை முதலாளி குனிந்து, "இனிமே கரண்ட் இருக்கும்போது மட்டும் என் மேல கை வை" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

நர்ஸ் கையைத் தூக்கிப் பார்த்தார். வீங்கி, நீலம் பாய்ந்திருந்தது. "எலும்பு உடைஞ்ச மாதிரி தெரியல. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கலாம். விரல்ல உணர்ச்சி இருக்கான்னுதான் இப்ப பாக்கணும்."

அண்ணி என்னைப் பின்னால் கூப்பிட்டுச் சுக்கானைக் கொடுத்துவிட்டு ஆட்களைத் தாண்டி முன்னால் வந்தார். அண்ணன் கையைத் தன் மடியில் வைத்து, கட்டைவிரல் நுனியை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

ஆட்காட்டி விரல். வலித்தது. நடுவிரல். அதுவும் வலித்தது. ஒவ்வொரு 'வலிக்குது'க்கும் படகில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மோதிர விரலை அழுத்தினார். அண்ணன் பேசவில்லை. அண்ணி மறுபடி அழுத்தினார். அப்புறம் நகக்கண்ணில் தன் நகத்தை வைத்து நறுக்கென்று கிள்ளினார்.

"ஐயோ! வலிக்குதுடி!" என்று அண்ணன் துள்ளி எழுந்தார்.

அண்ணி அந்தக் கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. யாரும் தடுக்கவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சுண்டுவிரலும் வலிக்குது. கேக்க மாட்டியா?"