பெரியத்தா வைத்த பெயர்

போன வாரம் ஒரு கல்யாண வலீமா விருந்து. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் தன் நண்பரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். “இவருதாங்க நம்ம ‘டியூப்லைட்’ ரஹீம்!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ரஹீமும் சிரித்தார்... கொஞ்சம் லேட்டாக. “பாத்தீங்களா, சிரிக்கிறதே லேட்டுதான்!” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. எனக்கு மட்டும் அதற்கப்புறம் பிரியாணி இறங்கவில்லை.

காரணம் என் பெரியத்தா. அத்தாவின், அதாவது என் தகப்பனாரின் அண்ணன், சுலைமான் பாய். 1940களில் திருத்தணி கடைத்தெருவில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். தாம்புக்கயிறு, சாக்கு, சணல். எனக்குக் கல்யாணமான புதிது. கடையில் பாதிப் பொறுப்பு என்னுடையது.

அடடா, என்ன மாதிரி நாட்கள் அவை! கிருத்திகை என்றால் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. காவடியும் பம்பைச் சத்தமுமாகத் தெரு நிரம்பி வழியும். பாதிப் பேர் தமிழில் பேரம் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கில். பெரியத்தா இரண்டிலும் பதில் சொல்லிக்கொண்டே, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பார். அவர் ஒரு தடவை வைத்தால் போதும், அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் கமெண்டைக் கேட்பதற்காகவே கடைக்கு வந்து உட்காருகிறவர்கள் உண்டு.

மற்றபடி தங்கமான மனுஷன். ஐந்து வேளைத் தொழுகை தப்பாது. எடையில் ஏமாற்ற மாட்டார். குடி, வட்டி, களவு — எந்தப் பெரிய பாவமும் அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்து ஹஜ் கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். பெரியத்தா பயணத்துக்குத் தயாரானார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் அல்லவா? அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னித்தாக வேண்டும்.

சுவர்த் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கே முதலில் போனார். கட்டிப்பிடித்து அழுதார்கள். பெரிய வழக்கெல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. பெரியத்தா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

மறுநாள் கடை வழியாக முனுசாமி கத்தரிக்காய்க் கூடையோடு போனார். ஊர் ஓரத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். ஏறக்குறைய பெரியத்தாவின் வயசு. பெரியத்தா உற்சாகமாகக் கூப்பிட்டார்.

“டேய் அரை மொட்டை, இங்க வா! மக்காவுக்குப் போறேன்டா. குத்தங்குறை ஏதாச்சும் இருந்தா மன்னிச்சிடு!”

முனுசாமி கூடையை இறக்கி வைத்தார். “மாட்டேன் பாய்” என்றார்.

கடையில் இருந்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். முனுசாமி சிரிக்கவில்லை.

“நீ இந்தப் பேரு வச்ச அன்னிக்கி நான் ஏன் பாதியில எழுந்து ஓடுனேன்னு கேட்டியா? புள்ளைக்கு ஜுரம். அதுக்காவத்தான் மொட்டை போட்டுக்கறதா வேண்டிகினேன். பாதி சிரைச்சிகினு இருக்கும்போதே ஆளு வந்து சொல்றான், புள்ள கண்ணைத் தொறக்கலைன்னு. அப்படியே ஓடுறேன்... உன் கடையைத் தாண்டுறேன், நீ ‘அரை மொட்டை’ன்னு கூவுற. தெருவே சிரிக்குது. நான் ஊட்டுக்குப் போறதுக்குள்ள போயிடுச்சி பாய். இப்பக்கூட நீ அந்தப் பேரைச் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்குற.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தான் வைத்த பெயர் என்பதே பெரியத்தாவுக்கு மறந்து போயிருந்தது!

பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள் என்று குர்ஆனே தடுக்கிறது. அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால், சின்ன விஷயம்தானே! பெரிய பாவத்தைப் பார்த்தால் நாம் ஒதுங்கிப் போகிறோம். சின்னதை மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். ஆளுக்கொரு சுள்ளி பொறுக்கி வந்தால் ரொட்டி சுடும் அளவுக்கு நெருப்பு சேர்ந்துவிடும் என்று, சிறு பாவங்களுக்கு உவமை சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்).

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆறுதல் சொன்னார். “மனசார வருத்தப்படுறீங்க, நீங்க புறப்படுங்க” என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

“கப்பல் ஏறிடலாம்டா. அரஃபாத் மைதானத்துல நின்னு எந்த மூஞ்சிய வச்சிகினு துஆ கேக்கறது?” என்றார் பெரியத்தா. பாதி அடுக்கிய டிரங்குப் பெட்டியை அப்படியே மூடிவிட்டார்.

புறப்பட வேண்டிய நாளுக்கு முன்தினம், என்னையும் கூட்டிக்கொண்டு முனுசாமியின் நிலத்துக்குப் போனார். முனுசாமி பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியத்தா வரப்பில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“முனுசாமி... புள்ள பேரு என்ன?”

களை பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பதில் சொன்னார். “வள்ளிங்க. இத்தினி வருசத்துல யாரும் கேக்கலையே பாய்!”

அதற்கப்புறம் அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். வள்ளி அப்பனை ‘நைனா நைனா’ என்று சுற்றி வந்தது, கத்தரிப் பூவைப் பறித்து அடி வாங்கியது... பெரியத்தா வெயிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். முனுசாமி மட்டும் நிமிராமல் கடைசிப் பாத்தி வரை தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் நல்ல கூட்டம். எல்லோரும் வற்புறுத்தியதால், பெரியத்தா மனசில்லாமல்தான் வண்டி ஏறினார். பம்பாயில் ஹஜ் கப்பல் ஏறப் போகிற மனுஷனின் முகமா அது! திடீரென்று கூட்டத்தில் ஒரு குரல். “டேய், அரை மொட்டை வந்துகினு இருக்கான் பாரு!”

முனுசாமியும் மனைவியும் பிளாட்பாரத்தின் கோடியில் வந்துகொண்டிருந்தார்கள்.

பெரியத்தா ஜன்னலில் முகத்தைப் பதித்துக் கத்தினார். “யார்ரா அது? அவரு வள்ளியோட நைனாடா! அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு!”

முனுசாமி நேராக ஜன்னலுக்கு வந்து, கம்பி வழியாகப் பெரியத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறுத்துக்கினேன் பாய்... நல்லபடியா போயிட்டு வா.”

வண்டி நகர்ந்தது. பெரியத்தா தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். ஒரு குழந்தையின் பெயரைக் கேட்பதெல்லாம் ஒரு நன்மையா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், எனக்குக் கோபம்தான் வரும்.

‘வள்ளி நைனா’ என்று கூப்பிட ஊருக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த இன்னொரு பெயர் ஒட்டிக்கொள்ள ஒரே ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது!