முதல் துண்டு

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேகும் வாசம் வந்தால் எனக்கு இன்றும் பசிக்கு முன்னால் பயம் வரும். மல்லசமுத்திரம் பக்கம், கிழங்கில் ஜவ்வரிசி செய்த, இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட சேகோ மில்லின் பின்னால், கிழங்குத் தண்ணீரின் புளித்த நாற்றத்துக்குள் எங்கள் வீடு இருந்தது. அரிசிச் செலவை மிச்சம்பிடிக்க, மில்லில் சிதறிக்கிடக்கும் கிழங்கை அம்மா மடியில் கட்டிவருவாள். அதில் விஷக் கசப்பு ரகமும் கலந்திருக்கும் என்பதால், தண்ணீரை மூன்று தரம் வடித்து வேகவைத்து, முதல் துண்டைத் தானே தின்றுவிட்டு, "எனக்குத் தல சுத்துனா பக்கத்தூட்டு அக்காவக் கூப்புடு சாமி" என்று சுவரில் சாய்ந்துகொள்வாள். பசியை மறந்து அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று கடையில் வாங்கிய கிழங்குதான். தட்டோடு ஓடிவந்த மகளைத் தடுத்து, முதல் துண்டை நான் தின்றேன்.

"ஏம்மா?"

"சூடு பாக்கறேன் சாமி, செத்த இரு."