மார்கழிப் பனியும் மலர்விழி கிளப்பிய ஜெனரேட்டரும்

மார்கழியில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒருநாள் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. விடியலில் வாலிகண்டபுரம் சிவன் கோயில், பிறகு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். திட்டம் போட்டது நான். அதைத் தலைகீழாக்கியது என் மனைவி மலர்விழிக்கு வந்த ஒரு போன்.

மலர் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டு, ஐப்பசியில்தான் தனியாகத் தொழில் தொடங்கினாள். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸ் வேலை?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இந்தப் பதிவை அவர்களும் படிக்கட்டும்.

திருச்சியிலிருந்து காலை 4.30க்குக் காரில் கிளம்பினோம். பெரம்பலூர் 58 கி.மீ. சமயபுரம் தாண்டியதுமே பனி மூட்டம்; நாற்பதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. பெரம்பலூர் புறவழிச் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது (இரண்டு டீ 30 ரூபாய், இஞ்சி தாராளம்) போன் அடித்தது. பூலாம்பாடிக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு கிராமத்துப் பால் குளிரூட்டும் நிலையம். முந்தின நாள் சாயங்காலமே டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது. வழக்கமான மெக்கானிக் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருக்கிறார்; அவர்தான் மலர் நம்பரைக் கொடுத்தாராம். தொட்டியில், கரண்ட் போகும்முன் குளிரவைத்த நேற்றைய பால். வாசலில் காலைப் பால் கேன்களோடு ஊரே நிற்கிறது. இரண்டும் கெட்டால் அத்தனை வீட்டு உழைப்பும் சாக்கடைக்குத்தான்.

"ஏங்க, கோயில் எங்கயும் ஓடிடாது. வண்டியைத் திருப்புங்க" என்றாள் மலர்.

அங்கிருந்து பூலாம்பாடிச் சாலையில் 28 கி.மீ., ஐம்பது நிமிடம். இருபுறமும் சோளமும் மரவள்ளியும். தூரத்தில் பச்சைமலை இருக்கிறது என்பதை நம்பிக்கொள்ள வேண்டியதுதான், அவ்வளவு பனி. கார் 17 டிகிரி காட்டியது. இதெல்லாம் ஒரு குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மாதக்கணக்கில் ஓடாத எஞ்சினுக்கும் வயசான பேட்டரிக்கும் அதுவே போதும்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஆபரேட்டர் முருகேசன் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்று போகும் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைச் செருகியிருந்தார். கிளம்பாத எஞ்சினுக்கு நம் ஊரில் எல்லோரும் செய்யும் வைத்தியம். அதே நேரம் பால் சங்கத்துச் செயலாளர் ராஜலட்சுமி அக்கா, "இன்னைக்காவது நல்லபடியா கிளம்பணும் தாயே" என்று தட்டில் சூடம் கொளுத்தி எஞ்சினுக்கு ஆரத்தி காட்ட வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் வாடை எனக்கே மூக்கைத் துளைத்தது.

மலர் ஓடினாள். தட்டைப் பிடுங்கி வாசலுக்குக் கொண்டுபோய், கிடந்த பால் கேன் மூடியைச் சூடத்தின் மேல் பட்டென்று கவிழ்த்தாள்.

"அடிப்பாவி, எரியிற சூடத்தை அணைச்சுட்டியே! வெளங்குமா இது?" என்று கத்தினார் அக்கா. கூட்டமும் சேர்ந்துகொண்டது. இனி எஞ்சின் கிளம்பாவிட்டால் பழி மொத்தமும் மலர் தலையில்.

"சாமியை நான் ஒண்ணும் சொல்லலக்கா. பெட்ரோலும் சூடமும் ஒண்ணா நின்னா, எஞ்சினோட நாமளும் போயிடுவோம்" என்றாள் அவள்.

துணியை எடுத்து வெளியே வீசினாள். வாடை அடங்கும்வரை கதவு, ஜன்னலெல்லாம் திறந்து போடச் சொன்னாள். இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்கிறதாம். பெட்ரோல் ஆவியோ, கடையில் விற்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ அதில் பட்டால் வெடித்துவிடுமாம். குளிரூட்டும் இயந்திரத்துக்குப் போகும் மெயின் சுவிட்சை அணைத்தாள். ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் பார்த்தாள். டீசல் ஃபில்டரின் அடியைத் திறந்தால், அரை டம்ளர் தண்ணீர்! பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டித் துடைத்தாள். பக்கத்து டிராக்டர் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்தாள்: முதலில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், கடைசியாக மைனஸ், அதுவும் பேட்டரியில் இல்லை, தள்ளி எஞ்சின் இரும்பில்.

ஏர் ஃபில்டரைத் திரும்ப மாட்டி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருகினாள். பத்து விநாடி உறுமிவிட்டு நின்றது.

"இன்னொரு இழு இழுங்க மேடம், புடிச்சுக்கும்!" என்றார் முருகேசன்.

"ஸ்டார்ட்டர் மோட்டார் கருகிப் போயிடும்ணே. ரெண்டு நிமிஷம் ஆறட்டும்."

கேன்களோடு நின்றவர்கள் முனகிய அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே, அப்பப்பா! மறுபடி ஹீட்டர், மறுபடி சாவி. குபுகுபுவென்று வெள்ளைப் புகை, இருமல், பிறகு ஒரே சீரான சத்தம். கிளம்பிவிட்டது!

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. "சுவிட்சைப் போடும்மா, பால் போகுது" என்று அக்கா அவசரப்படுத்த, மலர் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மேல வரைக்கும் ஆயில் ஏறணும்க்கா. அஞ்சு நிமிஷம்" என்றாள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் சுவிட்சைப் போட்டாள்.

எட்டரைக்குப் பால் லாரி வந்தது. அதில் வந்த பெண், தொட்டியில் பாலை மொண்டு ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "திரியல. ஏத்திக்கலாம்" என்றாள். அப்போது தட்டினார்கள் பாருங்கள் கையை! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வாலிகண்டபுரத்துக்கு நாங்கள் பத்தரைக்குத்தான் போனோம். பனியில் பார்க்க விரும்பினால் ஏழுக்கு முன் போய்விடுங்கள். அங்கிருந்து பெரம்பலூர் வழியாக அரியலூர் ஏறக்குறைய 45 கி.மீ.; சிமென்ட் லாரிகள் அதிகம், முந்தாதீர்கள். வாரணவாசிக்குக் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் மதியம் நடை சாத்தியிருக்கும், நான்குக்கு மேல் போங்கள். மொத்தம் சுமார் 310 கி.மீ., பெட்ரோல் 1,700 ரூபாய், சுங்கம் தனி. உங்கள் வீட்டில், கடையில், மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தால் பனிக்காலத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிவையுங்கள். நெருப்பையும் பெட்ரோலையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நிலையத்திலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. ராஜலட்சுமி அக்கா மலரின் கிரீஸ் கையைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். பேங்கில் மேனேஜர் என்பதை நான் எந்த ஊரிலும் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"மலர்விழியோட வூட்டுக்காரருங்க."

"அது போதும் தம்பி" என்றார் அக்கா.