ஓடுபாதை முனையில் அம்மாவின் சீதன வீடு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு இலேசில் விளங்காது. "ஹீத்ரோவிலையோ?" என்பார்கள். இல்லை. லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு சிக்கன் கடைக்கு மேலே இரண்டு அறைகள், எண்ணெய் வாசம், ஓயாத தொலைபேசி. நேர அட்டவணையில் இல்லாத விமானங்கள் எத்தனையோ பறக்கின்றன. பணக்காரரின் தனி விமானம், நோயாளியை ஏற்றி வரும் விமானம், பந்தயக் குதிரைகளை ஏற்றிப் போகும் விமானம். வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் "உங்கள் வானத்தால் போகலாமா, உங்கள் மண்ணில் இறங்கலாமா" என்று கேட்டு இவற்றுக்கு அனுமதி எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

எந்த நாட்டு அலுவலகம் வெள்ளிக்கிழமை பூட்டு, எந்த அதிகாரியிடம் முதலில் பிள்ளைகளின் சுகம் விசாரிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிகளோடு மல்லுக்கட்டித்தான் நான் சம்பளம் வாங்கினேன். குதிரைகளுக்குக்கூட அனுமதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெற்ற தாய் தன் சொந்த வீட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்க அனுமதி வாங்கித்தர என்னால் முடியவில்லை.

அம்மாவின் வீடு பலாலியில். யாழ்ப்பாணத்தின் விமான ஓடுபாதை அங்கேதான் இருக்கிறது. அதன் மேற்கு முனையில், வேலிக்கு அப்பால் முதலாவது வீடு எங்களுடையது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மாவின் தகப்பன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த மாடி வீடு அது. திருச்சியிலிருந்து விமானம் வந்துபோன காலத்தில் விமானிகள் அந்த மாடிக்குப் பயந்தார்களாம். விமான நிலையத்தார் வந்து உச்சியில் ஒரு சிவப்பு விளக்கைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கரண்ட் காசு எங்கள் தலையில். பள்ளிக்கூடத்தில் என்னை 'சிவப்பு லைட் வீட்டுப் பிள்ளை' என்று பகிடி பண்ணுவார்கள். லண்டனுக்கு வந்து அந்தச் சொல்லின் மற்றப் பொருள் தெரிந்த பிறகு நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

சண்டை வந்தது, ஓடினோம். ஊர் முழுவதையும் இராணுவம் எடுத்து, உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்து, ஊராரை உள்ளே விடாமல் தடுத்தது. பிறகு சமாதானம் என்றார்கள். அம்மா லண்டனிலிருந்து துள்ளிக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து போன சிறிய விமானம் அவரைப் பலாலியிலேயே இறக்கியது. கூப்பிடு தூரத்தில் சொந்த வீடு. ஆனால் இறங்கியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, யன்னல்களுக்குத் திரையை இழுத்து மூடி, வலயத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திரையைக் கொஞ்சம் நீக்கிய அம்மாவைப் பார்த்து ஒரு சிப்பாய் விரலை ஆட்டினானாம். பேரப்பிள்ளை கண்ட பெண்ணைப் பார்த்து, பாலர் வகுப்புப் பிள்ளையை வெருட்டுவதுபோல விரலை ஆட்டினான்.

திரும்பி வந்தவர் லண்டனில் நிலையாக இருக்கிற அலுவல் எதையும் பேச விடவில்லை. எங்கள் வீட்டின் கீழ் அறையை அவருக்கென்று திருத்தப் போனேன், தடுத்துவிட்டார். ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும். அவற்றுக்குக் கீழே நின்று உடுப்பு உலர்த்திக்கொண்டே சொல்வார்:

"வீடு நிக்குதெண்டால் நான் போறன். எப்ப விடுகினமோ அப்ப போறன். இல்லையெண்டால் நீ சொல்லுற இடத்திலை இருக்கிறன். முதல்லை நிக்குதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

இதுதான் அவர் கேட்டது. ஒரு ஓம், அல்லது ஒரு இல்லை. கொழும்புக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன். வந்த பதில்களில் 'பாதுகாப்புக் காரணங்கள்' என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் அந்த ஆங்கிலேயர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். ஓய்வுபெற்றவர், வசதியானவர். மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு வைத்த பழைய காலத்து விமானம் ஒன்றைத் தட்டிக்கொட்டிப் பறக்க வைத்திருந்தார். லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, முந்தித் தபால் விமானங்கள் போன அதே வழியில், இறங்கி இறங்கிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவர் மதுரைப் பக்கத்து மனிதர், நல்லவர்தான், வாடிக்கையாளர் முன்னால் மட்டும் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிடுவார்.

வந்தவர் எங்களுக்கு வகுப்பே எடுத்தார். அந்த நாளிலும் இந்த அனுமதித் தொல்லை இருந்ததாம். பாரசீகம் தன் கரையோரமாகப் போகவிடாமல் இழுத்தடித்ததால் வழியையே வளைகுடாவின் மறுகரைக்கு மாற்றினார்களாம். என்ன முரண்டு பிடித்த ஆட்கள் என்று தலையை ஆட்டினார். மற்றப்படி கராச்சி தொடங்கிச் சிங்கப்பூர் வரைக்கும் பெரும்பாலும் அவர்கள் ஆட்சிதானாம், நிம்மதியாம், யாரையும் கேட்கத் தேவையில்லையாம். யாருடைய நிலத்தில் யாரையும் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது என்று என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். பாரசீகத்தின் மேல் எனக்கு அன்றைக்கு ஒரு பக்தியே வந்தது.

பிறகு அவர் தபால் வழியில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னார். வழியை விட்டு விலகித் தெற்கே திருச்சிக்கு வந்து, அங்கிருந்து போய்ப் பலாலியில் இறங்க வேண்டுமாம். அவருடைய தகப்பன் இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானப்படைப் பையனாக அங்கே இருந்தாராம். ஊர்ச்சனம் மாம்பழம் கொண்டுவந்து கொடுக்குமாம், அவ்வளவு அன்பான சனமாம். அந்த ஓடுபாதைக்காக அம்மாவின் தகப்பனுடைய வெங்காயத் தோட்டத்தைத்தான் வெள்ளைக்காரன் எடுத்தான். தோட்டத்தைப் பறித்தவனுக்கு மாம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்த மடையர்கள் எங்கள் ஆட்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"உங்க ஊருதானேம்மா, நீங்களே பாத்துக்குங்க" என்றார் முதலாளி.

இறங்குவதற்கான காரணம் என்னவென்று எழுத வேண்டும். வந்தவர் 'தகப்பனின் நினைவு' என்றார். அப்படியே எழுதினேன். தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது காரணமில்லை என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு குரூரமான ஆவலோடுதான் அனுப்பினேன். நிச்சயம் மறுப்பார்கள், மறுத்தால் ஆளுக்கொரு நீதி இல்லை என்றாவது மனம் ஆறும் என்று நினைத்தேன்.

மறுக்கவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அனுமதி வந்துவிட்டது. வரவேற்று உபசரிப்பார்களாம், தகப்பன் தங்கியிருந்த பக்கத்தைச் சுற்றிக் காட்டுவார்களாம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று எங்கள் மண்ணில் விருந்து வைக்கப் போகிறார்கள். தொலைநகல் தாளை மேசையில் நான் அறைந்த அறையில் பக்கத்து அறையிலிருந்து முதலாளி ஓடி வந்தார்.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"அந்த மனிசனிட்டை ஒருக்காச் சொல்லன் பிள்ளை. இறங்கேக்கை வேலிக்கரையைப் பாக்கச் சொல்லு. மாடி வீடு, சிவப்பு ஓடு. போட்டோ ஒண்டும் வேண்டாம். கண்ணாலை பாத்தாக் காணும், அது போதும்."

"என்ர வீடு நிக்குதோ எண்டு வெள்ளைக்காரனிட்டை நான் பிச்சை கேக்கவோ? என்னாலை ஏலாது அம்மா."

"பிச்சையோ? உன்னாலை இறங்கிறவர்தானே. ஒரு வாய்ச்சொல்லு."

அடுத்த நாள், ஆங்கிலேயரிடம் இதைச் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். கேட்டது தப்பாகப் போயிற்று. மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"ஏம்மா, அது ராணுவ இடம். அந்தாளு எதையாச்சும் உத்துப் பாத்தாருன்னு தெரிஞ்சா அங்கயே புடிச்சு வச்சிருவான். அப்புறம் ஒரு நாட்டுக்காரனும் நம்ம ஃபேக்ஸை மதிக்க மாட்டான். நான் உங்க கஷ்டம் புரியாம சொல்லல. ஆனா வேணாம்."

"சரி சார்" என்றேன். முதலாளியின் பயம் பாதி, என் வீம்பு பாதி. ஆங்கிலேயர் கிளம்பும் முன் கைகுலுக்கிவிட்டு, ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஆங்கிலேயரிடம் எதையும் கேட்கக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னோடு அதற்குமேல் கதைக்கவில்லை. ஆனால் விமானம் எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் கேட்பார். ஏதென்ஸ் என்பேன், மஸ்கட் என்பேன். திருச்சி என்று சொன்ன அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். ஆங்கிலேயரின் குரலில் அப்படி ஒரு குதூகலம். தேத்தண்ணீர் கொடுத்தார்களாம், தகப்பனின் இடத்தைக் காட்டினார்களாம், அவர் அழுதுவிட்டாராம். இறங்கியதைப் பற்றியும் சொன்னார். இவ்வளவு சுலபமாக எங்கேயும் இறங்கவில்லையாம். மேற்குப் பக்கமாக வந்தாராம். வேலிக்கு அப்பால் பற்றைக்காடும் வெளியும்தானாம், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவர்கூட இல்லையாம். மேசையைத் துடைத்து விட்டதுபோல இருந்ததாம்.

முதலாளி கை தட்டினார். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அழவில்லை. அந்த வீட்டை இடித்தவனைத் திட்டினேன். அந்த ஓடுபாதையை முதன்முதலில் போட்டவனைத் திட்டினேன். தகப்பனுக்காக அழுத கிழவனைத் திட்டினேன், சுவரில்லை என்று சந்தோஷப்பட்ட அவன் வாயைத் திட்டினேன். தமிழில் இருக்கிற தூஷணம் எனக்கு அன்றைக்குப் போதவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றார். இன்னும் கொஞ்ச நாள் பொய் சொல்லி வைக்கலாம் என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். அவரோ வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இறங்கியிட்டாரோ?"

"ஓம் அம்மா. சுகமா இறங்கினவர்."

"எந்தப் பக்கத்தாலை வந்தவராம்?"

"மேற்காலை."

"இடைஞ்சல் ஒண்டும் இல்லையாமோ?"

எனக்கு அந்தக் கேள்வி அப்போது பிடிபடவில்லை. "ஒண்டும் இல்லையாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விளங்கியது: அந்த மாடி நின்றிருந்தால் மேற்குப் பக்கமாக வருகிறவனுக்கு இடைஞ்சல் இருந்தே இருக்கும்.

அம்மா அழுவார் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். அவரை நான் அப்படி ஒரு கோபத்தில் பார்த்ததில்லை.

"அப்ப என்ர வீட்டுக்குள்ளாலை எல்லோ வந்திருக்கிறான்" என்றார். "ஆரைக் கேட்டு வந்தவன்?"

அனுமதி எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.