ரேஷன் கார்டிலிருந்து என்னை நீக்கிய கதை

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் நான் வந்து இறங்கிய அன்று தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சண்டைக்காக இல்லை. அவர்கள் பேசியது என் அப்பாவின் தமிழ். மலேசியாவில், ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் "இன்னா", "எங்க கீறே" என்று பேசிய ஒரே ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை அழ வைப்பார்கள். அது அப்பாவே சொந்தமாகக் கண்டுபிடித்த பாஷை என்றுதான் இருபத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன். இங்கே ஒரு தெருவே அதில் சண்டை போட்டது.

என்னைக் கட்டிக்கொண்டவர் அப்பாவின் தங்கை மகன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அப்பா இளவயதில் கப்பலேறிப் போனவர். அதற்கப்புறம் தங்கையைப் பார்க்கவே இல்லை. கடிதத்திலேயே பேசி, கடிதத்திலேயே முடித்து, கோயில் பார்க்கக் கிளம்பிய ஒரு கூட்டத்தோடு என்னை அனுப்பிவைத்தார். அத்தை மகனையே கட்டியதால் எனக்கு மாமியார் என்று தனியாக யாரும் கிடையாது, அத்தைதான். மாமா காலமாகி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

அத்தைக்கு எழுத்து தெரியாது. முதலில் வயலில் நாற்று நட்டாள். வயல் இருந்த இடத்தில் கம்பெனி வந்ததும் அதே இடத்தில் கூட்டிப் பெருக்கப் போனாள். கல்யாணமான ஒரு மாதத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு எங்கேயோ கிளம்பினாள். சாயங்காலம் திரும்பி வந்து, ரேஷன் கார்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள். கடைசி வரியில் என் பெயர் இருந்தது.

"பேரு ஏறிச்சி பாரு. இனிமே நீ இந்த ஊட்டுப் பொண்ணு" என்றாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். மலேசியப் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கடியில் வைத்திருக்கும் ஒருத்தி இந்திய ரேஷன் கார்டில் ஏறக் கூடாது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கணவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர் இனி சர்க்கரை கூடுதலாக வரும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, டாக்டர் சில மாதக் கணக்குதான் சொல்கிறார், உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தான். அடுத்த நாளே நானும் கணவரும் அம்பத்தூரில் ரயிலேறி, பட்டணத்தில் வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். போவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. நான் இங்கே நுழைந்தது ஒரே தடவைக்கான விசாவில். அதைத்தான் மனைவி என்ற முறையில் வருஷா வருஷம் நீட்டித் தருகிறார்கள். திரும்பி வருவதற்கு முன்கூட்டியே முத்திரை வாங்காமல் போனால், அங்கே போய் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

முத்திரைக்கு உள்ளூர்ப் போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுத வேண்டும். அது தாமதமானால் அப்பாவை உயிரோடு பார்க்க முடியாது. முத்திரை இல்லாமல் போனால் கணவரிடம் வந்து சேர்வது எப்போது என்று தெரியாது. ரயிலில் திரும்பும்போது நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், அம்பத்தூரைத் தாண்டி அண்ணனூர் வரை போய்விடப் போகிறோம், எழுந்திரு என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் ஏட்டு சைக்கிளில் வந்தார். அத்தை அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். இந்தப் பெண் இங்கேதான் குடித்தனம் நடத்துகிறாளா என்று அவர் கேட்டதும், அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் ரேஷன் கார்டைக் கொண்டு வந்தாள்.

"இதுல கீது பாரு சார். நானே போயி ஏத்துனேன்."

ஏட்டு படித்தார். என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். பாதி குடித்த கலரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பாஸ்போர்ட்டு மலேசியாக்காரின்னு சொல்லுது. கார்டு இந்தியாக்காரின்னு சொல்லுது. இத அப்டியே நான் எழுதினா இந்தப் பொண்ணுக்கு முத்திரை வராது. கேஸுதான் வரும்."

அத்தை ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஏட்டின் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுது சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது. யார் பேரயாச்சும் எடுத்துத்தான் ஆகணும்னா எம் பேர எடுத்துக்கோ. அது பேர உட்டுடு."

ஏட்டு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டில் முதல் வரி அவளுடையது, குடும்பத் தலைவி. தன் வீட்டிலிருந்து தன்னையே நீக்கச் சொல்கிறாள், அதுவும் கிண்டலாக இல்லை. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று மலைத்துப்போனேன்.

ஏட்டு ஒரு வழி சொன்னார். ரேஷன் கார்டு கொடுக்கும் வழங்கல் ஆபீசில் நீங்களாகவே போய்த் தெரியாமல் ஏற்றியதைச் சொல்லி, பெயரை நீக்கிச் சான்று வாங்கி வந்தால், அதையும் சேர்த்து உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்றார். மிச்சக் கலரையும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தையும் நானும் வழங்கல் ஆபீசில் வரிசையில் நின்றோம். எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, நீக்கக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"செத்தா நீக்குவோம். கல்யாணம் ஆயி வேற ஊருக்குப் போயிட்டா நீக்குவோம். இதுக்கு என்னம்மா எழுதறது? வெளிநாடு போய்விட்டார்னு போடவா?"

"போயிட்டான்னு எழுதாத சார்."

"போகத்தானம்மா போறாங்க?"

"போயிட்டு வருவா. அவ நைனாவப் பாத்துட்டு வருவா. அப்டி எழுது."

கட்டத்தில் அவ்வளவு இடம் இல்லை என்றார் அவர். சின்னதாக எழுது என்றாள் அத்தை. இப்படியெல்லாம் எழுதுகிற வழக்கம் இல்லை என்றார். இன்றைக்கு ஆரம்பி என்றாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சான்று. அதில் என்ன எழுதியிருந்தால் என்ன? இந்தப் பிடிவாதத்தில் அந்த மனுஷர் எரிச்சலாகி, அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டால் அப்பா எனக்குக் கிடைக்க மாட்டார். எல்லார் முன்னாலும் அவளைத் திட்டவே வாயெடுத்தேன். அதற்குள் வரிசையில் பின்னால் மண்ணெண்ணெய் கார்டோடு நின்ற ஒருவர் குரல் கொடுத்தார்.

"எழுதிப் போடேன் சார், அந்தம்மாதான் கேக்குதுல்ல! நாங்க நின்னுகினு கீறோம்."

எழுத்தர் பெருமூச்சு விட்டார். பொடி எழுத்தில், கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை எழுதினார். அத்தை அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "தகப்பனாரைப் பார்க்க வெளிநாடு செல்கிறார். திரும்பி வருவார்." அடியில் கட்டைவிரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள். அவர் முத்திரை குத்தி எங்களுக்கு ஒரு நகல் கொடுத்தார். கார்டில் என் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. வீடு வரும் வரை நான் அவளோடு பேசவில்லை.

ஏட்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டணத்து ஆபீசில் மூன்று மாதத்துக்குள் திரும்பி வரலாம் என்று முத்திரை குத்தித் தந்தார்கள். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத நீல மை. அப்பா நாள்கணக்கில் கப்பலில் கடந்த கடலை ஒரு பகலுக்குள் தாண்டினேன். ஜன்னல் வழியே தண்ணீரையும் மடியில் அந்த முத்திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை பெரிய கடலுக்கு இத்தனை சின்ன மை போதுமா என்று ஆச்சரியம் தீரவே இல்லை.

அப்பா பாதியாகிப் போயிருந்தார். ஆனால் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. தினமும் மேனாம்பேட்டைப் பற்றிக் கேட்பார். ரேஷன் கார்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார். எட்டு மாதமாக அவர் சிரிக்கவில்லை என்று அண்ணன் சொன்னான்.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, நான் கிளம்பப் போவதில்லை என்று சொன்னேன். முத்திரை போனால் போகட்டும், மறுபடி விண்ணப்பிக்கிறேன், உங்களை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அழுதேன். அப்பா, அத்தை கைநாட்டு வைத்த அந்த நகலைக் கேட்டார். கொண்டு வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கைநாட்டைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"கப்பலேர்ற அன்னிக்கு நானுந்தான் உங்கத்தைகிட்ட திரும்பி வர்றேன்னு சொன்னேன்" என்றார். "ஏழு வயசு அதுக்கு. கைய உடமாட்டேன்னு நின்னுச்சி. நீயாச்சும் போ."

போனேன். அப்பா அந்த வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். அவரோடு இருந்த எண்பது நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நம்ப முடியவில்லை.

முத்திரைக்கு நான்கு நாள் மிச்சம் வைத்து மேனாம்பேட்டில் இறங்கினேன். அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. விமானம் எப்படி என்றும் கேட்கவில்லை.

"அண்ணன் இன்னா சொல்லிச்சி?"

அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அது வாயால சொல்லிட்டுப் போச்சி" என்றாள். "அத்தொட்டுதான் உன்னுத எழுதி வாங்குனேன்."

பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.